எலுமிச்சைக் கன்றில் சொறி நோய்: விற்பனைக்குக் கட்டுப்பாடு கேட்கலாமா? கேட்டால் நிற்குமா?

வாடிப்பட்டிக்காரன் (தொடக்கப் பதிவு)

வணக்கம். எங்கள் பக்கத்து விவசாயிகள் சிலர் சேர்ந்து, அடுத்த மாதம் மதுரை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு கொடுக்கலாம் என்று இருக்கிறோம். மனுவில் இரண்டே வரி. சொறி நோய் உள்ள எலுமிச்சைக் கன்றை எந்த நாற்றுப் பண்ணையும் விற்கக் கூடாது. விற்றால் உரிமத்தை ரத்து செய்ய வேண்டும்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் மச்சினன் ஆடியில் ஒரு ஏக்கர் புதிதாகப் போட்டார். ஆறுக்கு ஆறு மீட்டர் இடைவெளி, 110 கன்று சொச்சம். சுற்றிலும் தென்னையும் சோளமும்தான், கண்ணுக்கு எட்டிய வரை ஒரு எலுமிச்சை மரம் கிடையாது. வண்டியில் இருந்து இறக்கும்போது இலையெல்லாம் பளபளவென்று இருந்தது. ஐப்பசி மழை முடிந்து வந்த தளிரில் புள்ளி விழுந்தது. இலையின் இரண்டு பக்கமும் மேடு தட்டி, தொட்டால் சொரசொரப்பு, சுற்றி மஞ்சள் வளையம். கேட்டால் பண்ணைக்காரர் "காற்றில் வந்திருக்கும்" என்கிறார். எந்தக் காற்று, எங்கிருந்து?

மனு நியாயமானதா, அதிகாரிகள் என்ன கேள்வி கேட்பார்கள் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாட்டுத்தாவணி மண்டி

நியாயம் அநியாயம் எனக்குத் தெரியாது, விலை தெரியும். சொறிக் காயில் சாறு ஒன்றும் குறைவதில்லை. ஊறுகாய் போடுகிறவர்கள் வாங்குவார்கள், ஆனால் அவர்கள் சொல்கிற விலைக்கு. ஓட்டல்காரர் பாதி எடுப்பார், பாதி ஒதுக்குவார். அம்மன் கோயில் வாசலில் மாலை கட்டுகிறவர்கள் ஒரு புள்ளி இருந்தாலும் தொடவே மாட்டார்கள். ஆடி வெள்ளிக்கு முந்தின நாள் ஒவ்வொரு காயாக உருட்டிப் பார்த்துத்தான் எடுப்பார்கள். காயில் நல்ல காசு கிடைக்கிற நாளே அதுதான். அன்றைக்குச் சொறி மூட்டை அப்படியே கிடக்கும்.

அழகர்மலை நாற்று

நான் பண்ணை வைத்திருப்பவள், அதனால் என் பேச்சை அந்தக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வாடிப்பட்டி அண்ணே, மதுரை, திண்டுக்கல், தேனி மூன்று மாவட்டத்திலும் சொறி இல்லாத எலுமிச்சைத் தோட்டம் ஒன்று காட்டுங்கள், நான் பண்ணையை மூடிவிடுகிறேன். ஊரெல்லாம் இருக்கிற நோய்க்குக் கன்று விற்பவரை மட்டும் பிடித்து உரிமத்தை ரத்து செய்தால் என்ன ஆகும்? உரிமம் உள்ளவள் நான் மாட்டிக்கொள்வேன். சந்தை வாசலில் தள்ளுவண்டியில் வைத்து விற்பவர் அடுத்த சந்தைக்குப் போய்விடுவார்.

சிறுமலை அடிவாரம்

அந்த அம்மா சொல்வதில் பாதி சரி. என்னிடம் இருப்பது அப்பா காலத்து மரங்கள். சொறி இருக்கிறது, காயும் இருக்கிறது. ஒவ்வொரு வருசமும் வடகிழக்கு ஓரத்து வரிசையில்தான் முதலில் தெரியும், ஏனென்றால் கார்த்திகை மழைச் சாரல் அந்தப் பக்கமிருந்துதான் அடிக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் பக்கத்துக்காரர் தோப்பு. 2018-இல் கஜா புயல் திண்டுக்கல் வழியாகப் போனதே, அடுத்த தளிரில் தோட்டம் முழுக்க ஒரு கிளை பாக்கி இல்லாமல் பிடித்தது. இதில் கன்று விற்றவரை எங்கே போய்த் தேட?

ஓய்வுபெற்ற நோயியலாளன்

நாலு பேரும் நாலு விஷயம் பேசுகிறீர்கள். ஒரு நோய்க்கு விதி போடலாமா என்று பார்க்கும் ஒரே மதிப்பீட்டுக்குள் நாலும் வரும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நோயை அரசு இரண்டு விதமாகக் கட்டுப்படுத்தலாம். நாட்டில் இல்லாத நோய் அல்லது ஒரு மூலையில் மட்டும் இருக்கிற நோய் என்றால் எல்லையிலேயே தடுப்பார்கள். ஐரோப்பிய நாடுகள் நம் சொறி நோயை அப்படித்தான் வைத்திருக்கின்றன, அவர்களிடம் அது இல்லை. நமக்கு அந்த வழி கிடையாது. இந்த பாக்டீரியாவின் பெயர் சாந்தோமோனாஸ் சிட்ரி. 1827-க்கும் 1831-க்கும் இடையில் டேராடூன் பக்கம் சேகரித்து இங்கிலாந்தில் வைத்திருந்த உலர் இலைகளிலேயே இதன் தழும்பைப் பிற்பாடு கண்டுபிடித்திருக்கிறார்கள். அவ்வளவு பழைய குடித்தனம். "ஊரெல்லாம் இருக்கிறது" என்று அந்த அம்மா சொன்னது அந்த அளவில் மறுக்க முடியாதது.

ஆனால் இரண்டாவது விதம் ஒன்று உண்டு. நோய் ஊருக்குள் பரவலாகவே இருக்கட்டும், நடவுப் பொருளில் மட்டும் ஒரு அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி போடுவது. சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையில் இதற்கென்றே 2002-இல் 16-ஆம் எண் தரநிலையும், மதிப்பீடு செய்யும் முறைக்கு 2004-இல் 21-ஆம் எண் தரநிலையும் வந்தன. ஐரோப்பாவில் பிளம், பீச் மரங்களைத் தாக்கும் ஒரு சாந்தோமோனாஸை முதலில் எல்லையில் தடுக்கும் பட்டியலில் வைத்திருந்தார்கள். பல நாடுகளில் பரவிவிட்டது என்று தெரிந்ததும் 2019-இல் இந்த இரண்டாவது பட்டியலுக்கு மாற்றினார்கள். ஆகவே "எல்லா இடத்திலும் இருக்கிறது, விதி எதற்கு" என்பது முடிந்த பேச்சு இல்லை.

அங்கே உண்மையில் கேட்கப்படும் கேள்வி வேறு. தோட்டத்துக்கு நோய் வந்து சேரும் வழிகளில் கன்றுதான் முக்கிய வழியா? ஆமென்றால் விதிக்கு அர்த்தம் உண்டு. இல்லையென்றால் பண்ணைக்காரரை அழவைத்ததுதான் மிச்சம்.

இதற்கு மாவட்டம் முழுமைக்கும் ஒரே பதில் கிடையாது. சிறுமலை அடிவாரத்து நண்பரின் தோட்டத்தில் சுத்தமான கன்றை வைத்தாலும் இரண்டு மழைக்காலத்துக்குள் பிடித்துவிடும். மழையும் காற்றும் சேர்ந்து அடிக்கும்போது, காற்று வினாடிக்கு 8 மீட்டருக்கு மேல் போனால், தளிரின் சுவாசத் துளை வழியாகவே கிருமி உள்ளே போகும். போதாததற்கு இலைத்துளைப்பான் புழு இலையில் பாம்புக்கோடு போட்டுக் கதவைத் திறந்து வைத்திருக்கும். அங்கே கன்று முக்கிய வழி இல்லை. வாடிப்பட்டித் தம்பியின் மச்சினர் வயல் நேர் எதிர். சுற்றிலும் எலுமிச்சை இல்லாத நிலத்துக்குக் கன்றைத் தவிர வேறு எதுவும் நோயைக் கொண்டுவர வாய்ப்புக் குறைவு. மண்ணில் இந்தக் கிருமி ரொம்ப நாள் தாங்காது. தண்டில் உள்ள புண்ணில்தான் வருசக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

தம்பி, ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். புள்ளி முதலில் ஓர வரிசையில் வந்ததா, அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்ததா?

வாடிப்பட்டிக்காரன்

அங்கொன்றும் இங்கொன்றும்தான் ஐயா. நடு வரிசையில் ஒன்று, கிணற்றடியில் ஒன்று, தள்ளி இரண்டு. மச்சினன் அப்போதே குச்சி நட்டு அடையாளம் வைத்தார். பிறகு அதைச் சுற்றி உள்ளவற்றுக்கு வந்தது. அடையாளம் வைத்த நான்கிலும் கீழ்த்தண்டில் பழைய புண் இருக்கிறது, பட்டை வெடித்த மாதிரி. அந்தத் தண்டு பையில் இருக்கும்போதே வளர்ந்தது.

ஓய்வுபெற்ற நோயியலாளன்

அப்படியானால் காற்று என்ற வாதம் நிற்காது. தண்டுப் புண்ணைப் படம் எடுத்து வையுங்கள். மனுவோடு இணைக்க அதைவிட நல்ல தாள் கிடையாது.

யானைமலை மாணவி

சார், ஒரு சந்தேகம். எலுமிச்சையை இங்கே பெரும்பாலும் விதை போட்டுத்தான் வளர்க்கிறார்கள். பெரியகுளத்தில் வெளியிட்ட பி.கே.எம். 1 ரகமும் விதைக் கன்றாகத்தான் கிடைக்கிறது. சொறி விதை வழியாக வராது என்று படித்தோம். அப்புறம் பண்ணைக்குள் எப்படி வந்தது?

அழகர்மலை நாற்று

இதை நான் சொல்கிறேன் பாப்பா. பல பண்ணைகளில் தாய் மரத்துக்கு அடியிலேயே பைகளை அடுக்கி வைத்திருப்பார்கள், நிழலுக்கு நிழல், விதைக்கு விதை. மரத்துச் சொறி மழைத் தண்ணீரோடு நேராகப் பையில் இறங்கும். அடுத்தது தலைக்கு மேலே தண்ணீர் பீய்ச்சுவது. ஒரு செடியில் இருந்தால் ஒரு வாரம் பத்து நாளில் பக்கத்துச் செடியில் தெரியும். மூன்றாவது, நெருக்கமாக அடுக்கிய பைகளுக்கு நடுவே ஈர இலையோடு ஆள் நடந்து களை எடுப்பது.

நான் தாய் மரத்தைத் தள்ளி வைத்து, நிழல்வலைக்குள் வேரில் மட்டும் தண்ணீர் விடுகிறேன். முழுக்கப் போய்விட்டது என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் குறைந்துவிட்டது. கன்றுக்குப் பத்து ரூபாய் கூட வருகிறது. அந்தப் பத்து ரூபாயைக் கொடுக்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மனசு வருவதில்லை. இதையும் மனுவில் எழுதுங்கள் அண்ணே.

ஓய்வுபெற்ற நோயியலாளன்

அம்மா, உங்களை அறியாமலே மதிப்பீட்டின் அடுத்த கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டீர்கள். சுத்தமான கன்றை நடைமுறையில் வளர்க்க முடியுமா என்பதுதான் அது. விதையில் நோய் வராததால், விதைக்கும் நாளில் உங்கள் பை சுத்தம். அதற்குப் பிறகு வருவதெல்லாம் பண்ணை நடத்தும் விதத்தால் வருவது. கேட்பது முடியாத காரியம் இல்லை என்பதற்கு இதுவே போதும். ஒட்டுக்குச்சியோடு வரும் பச்சையாதல் நோய் போன்றவற்றில் கதை இவ்வளவு சுலபம் இல்லை, அங்கே தாய் மரத்தையே சோதித்தாக வேண்டும்.

கன்று வழியாக இந்த நோய் கடல் தாண்டியதற்கும் சாட்சி உண்டு. அமெரிக்காவின் தென் மாநிலங்களுக்கு 1910-ஐ ஒட்டி ஜப்பானில் இருந்து வந்த வேர்ச்செடிக் கன்றுகளோடுதான் (ஒட்டுக் கட்ட அடியில் வைக்கும் செடி) போய்ச் சேர்ந்தது. புளோரிடாவில் அதை ஒழித்துவிட்டோம் என்று அறிவிக்க 1933 ஆயிற்று.

நத்தம் ரோடு

இடையில் ஒரு கேள்வி. இந்த வருசம் ஆயுத பூஜைக்குக் காய் விலை ஏறுமா? இருப்பு வைக்கலாமா?

மாட்டுத்தாவணி மண்டி

ஏறும், இறங்கும். தனி இழை போடுங்கள் தம்பி.

வாடிப்பட்டிக்காரன்

அப்படியென்றால் "சொறி இருக்கவே கூடாது" என்றே கேட்கலாம்தானே ஐயா?

ஓய்வுபெற்ற நோயியலாளன்

அங்கேதான் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. முழுப் பூச்சியம் கேட்பதில் இரண்டு சங்கடம். 21-ஆம் தரநிலையே, ஊரில் உள்ள நோய்க்குப் பூச்சியத்தைப் பொது விதியாக வைப்பது பொருத்தமாக இருக்காது என்றுதான் சொல்கிறது. அந்தத் தரநிலையை விடுங்கள், நடைமுறையைப் பாருங்கள். ஒரு கன்றில் ஒரு புள்ளிக்கு உரிமம் போகும் என்றால், பண்ணைக்காரர் புள்ளியை மறைப்பாரா, சொல்வாரா? மறைப்பது ரொம்பச் சுலபம். புள்ளி இலையை உருவிவிட்டு, காப்பர் ஆக்சிகுளோரைடும் ஸ்ட்ரெப்டோசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் கலந்து அடித்தால் கொஞ்ச நாளைக்குக் கன்று பளபளவென்று இருக்கும். மச்சினர் வாங்கியது அப்படிப்பட்ட பளபளப்பாகக்கூட இருக்கலாம். மருந்து கிருமியை அடக்கும்; தண்டுப் புண்ணுக்குள் இருப்பதைக் கொல்லாது. பயிருக்கு ஆன்டிபயாட்டிக் அடிப்பதையே நிறுத்தும் நோக்கில் மத்திய அரசு 2021 டிசம்பரில் வரைவு ஆணை வெளியிட்டது. அதை மேலும் அடிக்கத் தூண்டும் விதி எதற்கு?

இன்னொன்று, அடையாளம். 1984-இல் புளோரிடா நாற்றுப் பண்ணைகளில் சொறி வந்துவிட்டது என்று ஏறக்குறைய 2 கோடிக் கன்றுகளையும் மரங்களையும் அழித்தார்கள். பிற்பாடு பார்த்தால் அது சொறியே இல்லை, தோட்டத்தில் பெரிய சேதம் செய்யாத வேறொரு பாக்டீரியாப் புள்ளி நோய். கடுமையான விதி போடும் முன் எந்த நோய் என்று நிச்சயம் செய்ய வழி வேண்டும்.

யானைமலை மாணவி

அதற்குப் பெரிய லேப் முதல் கட்டத்திலேயே வேண்டாம் சார். புள்ளியின் ஓரத்தைச் சின்னதாக வெட்டி, கண்ணாடி வில்லையில் ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், வெட்டிய இடத்தில் இருந்து பாக்டீரியா புகையாகக் கசிவது தெரியும். பூஞ்சாணப் புள்ளி என்றால் கசியாது. ஜம்பேரி எலுமிச்சை வேர்ச்செடியில் வரும் பூஞ்சாணச் சிரங்கைச் சொறி என்று நினைப்பவர்கள் நிறைய. அதில் இலை கோணலாகும், மஞ்சள் வளையம் இருக்காது. ஆனால் கசிகிறது என்பதால் மட்டும் எந்த பாக்டீரியா என்று சொல்ல முடியாது. அதற்கு லேப் வேண்டும்.

எத்தனை கன்று பார்க்க வேண்டும் என்றும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு தொகுதியில், அதாவது பண்ணையில் ஒன்றாக வளர்த்த கன்றுக் கூட்டத்தில், நூற்றுக்கு ஒன்றில் நோய் இருக்கிறது என்று வையுங்கள். அங்கங்கே பொறுக்கி 300 கன்று பார்த்தால், 100-க்கு 95 தடவை ஒன்றாவது கண்ணில் படும். 60 மட்டும் பார்த்தால் பாதிக்கும் மேல் தப்பிவிடும். ஓரத்தில் நின்று நாலு பையைத் தூக்கிப் பார்ப்பது ஆய்வே இல்லை.

சிறுமலை அடிவாரம்

நூற்றுக்கு ஒன்று என்றால் ஏக்கருக்கு ஒரு கன்று. ஒன்று போதுமே தங்கச்சி, மழை மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

ஓய்வுபெற்ற நோயியலாளன்

இந்த இழையில் எனக்குப் பிடித்த வரி இதுதான். அளவு வைப்பதில் உள்ள சிக்கல் முழுவதும் அதற்குள் இருக்கிறது. வைரஸ் நோய் பலவற்றில் ஒரு சதவீதம் பொறுத்துக்கொள்ளலாம், பரப்பப் பூச்சி வேண்டும். இங்கே பரப்புவது மழை. ஆகவே நான் சதவீதத்தைக் கன்றின் மேல் வைக்க மாட்டேன், பண்ணையின் மேல் வைப்பேன். விற்கும் கன்றில் புள்ளியும் தண்டுப் புண்ணும் கண்ணுக்குத் தெரியக் கூடாது, அது பூச்சியம்தான். ஆனால் பண்ணைத் தொகுதியில் ஒன்றிரண்டில் தெரிந்தால் உரிமத்தில் கை வைக்காமல், அதையும் அதைச் சுற்றியுள்ள பைகளையும் அழித்து, அடுத்த தளிர் வந்து முற்றும் வரை அந்தத் தொகுதியை விற்பனைக்கு நிறுத்தி வைத்தால் போதும். சொன்னால் நஷ்டம் கொஞ்சம், மறைத்தால் நஷ்டம் அதிகம் என்று விதி இருந்தால்தான் ஆள் சொல்வார். அந்தக் கொஞ்ச நஷ்டத்தையும் பண்ணைக்காரர் தலையில் மட்டும் கட்டலாமா என்பது வேறு கேள்வி. எனக்கு அதில் முடிவான கருத்து இல்லை.

கோப்பு பார்த்தவன்

சட்டப் பக்கம் இரண்டு வார்த்தை. 1966 விதைச் சட்டத்தில் "விதை" என்ற வரையறைக்குள்ளேயே நாற்று, கிழங்கு, ஒட்டு, வெட்டுத்துண்டு எல்லாம் வருகிறது. தமிழ்நாட்டில் நாற்றுப் பண்ணைக்கு உரிமம், இருப்புப் பதிவேடு, விற்பனை ரசீது என்று விதை ஆய்வாளர்கள் கேட்பது, இதே வரையறையை எடுத்துக்கொண்ட 1983 விதைக் கட்டுப்பாட்டு ஆணையின் பேரில்தான். பஞ்சாபில் 1961-லும் மகாராஷ்டிராவில் 1969-லும் பழக்கன்றுப் பண்ணைகளுக்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். நம்மிடம் பயிர்ப் பூச்சி நோய்ச் சட்டம் 1919-லேயே, மதராஸ் மாகாணமாக இருந்தபோதே வந்துவிட்டது. புதிதாகச் சட்டம் கேட்டால் கோப்பு சென்னைக்குப் போய் அங்கேயே தூங்கும். இருக்கிற உரிம ஆய்வில் ஒரு பத்தி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஆந்திராவில் கோதாவரிக் கரைக் கடியம் பக்கமிருந்தும் லாரியில் கன்று வருகிறது. உள்ளூர்ப் பண்ணைக்கு ஒரு அளவு, வெளியில் இருந்து வருவதற்கு இன்னொரு அளவு என்று கேட்காதீர்கள். இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் நாளே அடிபடும்.

வாடிப்பட்டிக்காரன்

சரி, எல்லாவற்றையும் வைத்து மனுவைத் திருத்தி எழுதியிருக்கிறேன். பாருங்கள்:

"மதுரை மாவட்டத்தில் உரிமம் பெற்ற நாற்றுப் பண்ணைகளில் எலுமிச்சைக் கன்றுகளை, விற்பனைக்கு முன் மழைக்காலத் தளிர் முற்றிய நேரத்தில் ஒரு தடவையும், அடுத்த தளிரில் ஒரு தடவையும், தொகுதிக்கு 300 கன்று வீதம் பொறுக்கிப் பார்த்து ஆய்வு செய்ய வேண்டும். சொறி உறுதியானால் அந்தக் கன்றுகளையும் அடுத்துள்ளவற்றையும் அழித்து, மறு ஆய்வு வரை தொகுதியை நிறுத்தி வைக்க வேண்டும். அடித்த மருந்து, தேதி பதிவேட்டில் இருக்க வேண்டும். ரசீதில் தொகுதி எண் வேண்டும். வெளி மாநிலக் கன்றுக்கும் இதே விதி. ஏற்கெனவே எலுமிச்சை இல்லாத கிராமங்களில் புது நடவுக்கு மானியத்தில் கொடுக்கும் கன்றுகளில் முதலில் இதை நடைமுறைப்படுத்த வேண்டும்."

கடைசி வரி ஐயா சொன்னதை வைத்து நானாகச் சேர்த்தது. சுத்தமான கன்றுக்குப் பலன் அங்கேதான் அதிகம்.

ஓய்வுபெற்ற நோயியலாளன்

அந்தக் கடைசி வரியை முதல் வரியாக்குங்கள்.

சிறுமலை அடிவாரம்

எங்களுக்கு இதில் ஒன்றும் இல்லை என்றாலும் கையெழுத்துப் போடுகிறேன். என் பங்குக்கு ஆனியில் சொறிக் கிளையைக் கவாத்து செய்து எரிக்கிறேன். பக்கத்துக்காரரும் செய்தால் நல்லது, அவரை எந்த மனுவில் எழுதுவது என்று தெரியவில்லை.

அழகர்மலை நாற்று

300 கன்றுக்குச் சம்மதம். பதிவேட்டுக்கும் சம்மதம், நான் இப்போதே எழுதித்தான் வைக்கிறேன். ஆனால் "உரிமம் பெற்ற" என்று போட்டு நிறுத்திவிட்டீர்களே அண்ணே. உரிமமே இல்லாமல் வாரச்சந்தையில் இறக்கி விற்பவரை யார் பார்ப்பது? அதை எழுதாமல் கொண்டுபோனால் என் கையெழுத்து கிடையாது. என்னைப் போன்றவர்கள் பத்து ரூபாய் ஏற்ற, ஆள் எல்லாம் அந்த வண்டிக்குத்தான் போவார்கள்.

வாடிப்பட்டிக்காரன்

"உரிமம் இல்லாத விற்பனையைச் சந்தை நாட்களில் ஆய்வு செய்து தடுக்க வேண்டும்" என்று சேர்த்துவிட்டேன் தங்கச்சி. வியாழக்கிழமை சாயங்காலம் நம்ம ஊர் கூட்டுறவுச் சங்கத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் இருப்போம், வந்து படித்துப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள். மாணவி தங்கச்சி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்ல முடியுமென்றால், மச்சினன் தோட்டத்துக் கிளை நான்கையும் தனித்தனிப் பையில் கட்டி ஒத்தக்கடையில் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன்.

யானைமலை மாணவி

கொடுங்கள் அண்ணா. பையை நன்றாகக் கட்டி, வழியில் எந்த எலுமிச்சைத் தோட்டத்திலும் இறங்காமல் நேராக வந்துவிடுங்கள். மேலே எந்தக் கன்று, எந்த வரிசை என்று எழுதி வையுங்கள்.